மில்லுக்கு ஒரு சர்வர், சட்டத்துக்கு ஒரு பண்டில்

ஜாவா வெப் அப்ளிகேஷனை மொத்தமாகக் கட்டிவைக்கும் பழைய வார் ஃபைல் ஒன்றை எடுத்து, எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே வெப்-இன்ஃப் என்ற ஃபோல்டர், அதற்குள் லிப் என்று இன்னொன்று. அதில் கிடக்கும் ஒவ்வொரு ஜாரும் (ஜாவா கோடு நூலகம் ஒன்றின் பொட்டலம்) எதற்காக அங்கே இருக்கிறது, எடுத்துவிட்டால் எது உடையும் என்று உங்கள் டீமில் யாராவது ஒருத்தர் சொல்லிவிட்டால், இந்தப் பதிவை நீங்கள் படிக்க வேண்டியதில்லை. நாங்கள் பராமரிக்க வாங்கிய மில் சாஃப்ட்வேரில் அப்படிச் சொல்ல ஆளே இல்லை. எழுதியவர் பெங்களூருக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

நாங்கள் என்றால், சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் இருக்கும் சின்ன ஆபீஸ். ஜவ்வரிசி மில்கள், ஸ்டார்ச் வியாபாரிகள், மலை மேலே ஏற்காட்டில் சில காபி எஸ்டேட்டுகள், இவர்கள்தான் எங்கள் வாடிக்கை. மில் சாஃப்ட்வேர் என்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு 'பில் போடற சாமான்' அவ்வளவுதான். உள்ளே போனால் வேறு கதை. மரவள்ளிக் கிழங்கு லோடு வந்ததும் எடைமேடை எடை, அப்புறம் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து அதற்கேற்ற விலை, விவசாயி வாங்கியிருக்கும் முன்பணக் கழிவு, ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் 90 கிலோ மூட்டைகளாக இருப்பு, திப்பி என்ற கிழங்குச் சக்கைக்குத் தனிக் கணக்கு, சேகோசர்வ் கூட்டுறவு சங்கத்தின் ஏலத்துக்குப் போன மூட்டை, வெளி மாநிலத்துக்கு லாரி ஏற்றினால் சரக்கோடு போக வேண்டிய இ-வே பில். இவை எல்லாம் ஒரே வார் ஃபைலில், டாம்கேட் என்ற ஒரே ஜாவா வெப் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தன. ஓடாமல் ஒன்றும் இல்லை, நன்றாகவே ஓடின. ஆனால் ஒவ்வொரு பகுதியும் மாறுகிற வேகம் வேறு வேறு. பாயிண்ட் கணக்கு வருஷக் கணக்காக அப்படியே இருக்கும். வரி சம்பந்தப்பட்டது ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலை 1-க்குப் பிறகு சும்மா இருந்ததே கிடையாது.

அந்த நிலையில்தான் மாடுலர் சர்வர், அதாவது அப்ளிகேஷனைத் தனித்தனித் துண்டாகக் கழற்றி மாட்ட விடும் சர்வர் பக்கம் போனோம். எங்கள் தேர்வு அப்பாச்சி கராஃப். ஓஎஸ்ஜிஐ என்ற விதிமுறைப்படி இயங்கும் சர்வர் அது. ஓஎஸ்ஜிஐ புதுச் சரக்கு இல்லை. 1999-ல் தொடங்கிய கூட்டமைப்பின் வேலை, முதலில் வீட்டு கேட்வே மாதிரி சின்னப் பெட்டிகளுக்காக யோசித்தது. 2004-ல், ஜாவா கோடு எழுதும் கருவியான எக்லிப்ஸின் 3.0 பதிப்பு தன் பிளக்-இன்களை எல்லாம் அதன் மேல் தூக்கி வைத்தபோதுதான் ஜாவாக்காரர்கள் பரவலாகக் கண்டுகொண்டார்கள். நம்மில் பாதிப் பேர் காலேஜில் எக்லிப்ஸ் திறந்த நாளிலிருந்தே ஓஎஸ்ஜிஐ பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம், தெரியாமல்.

விஷயம் இதுதான். சாதாரண டாம்கேட்டில் உங்கள் அப்ளிகேஷனுக்கு ஒரே ஒரு கிளாஸ் லோடர், கோடின் துண்டுகளான கிளாஸ்களைத் தேடி ஏற்றும் ஆள். லிப் ஃபோல்டரில் உள்ள எல்லா ஜாரும் அதற்குள் கொட்டப்படும். எந்த ஜாரில் உள்ள எந்த கிளாஸையும் யாரும் கூப்பிடலாம், கேட்பார் கிடையாது. நம்மூர் ஒண்டுக்குடித்தன வளவு மாதிரி. பொது முற்றம், பொதுக் குழாய், யார் வீட்டுக் குடத்தில் யார் தண்ணீர் பிடித்தார்கள் என்று ஒருத்தர் காலி செய்து போகும்போதுதான் தெரியும். ஓஎஸ்ஜிஐ-யில் ஒவ்வொரு ஜாரும் ஒரு பண்டில், ஒவ்வொன்றுக்கும் தனி கிளாஸ் லோடர். பண்டிலுக்குள் இருக்கும் மேனிஃபெஸ்ட் என்ற விவர ஃபைலில் 'இம்போர்ட்-பேக்கேஜ்' என்று எனக்கு வேண்டியதையும், 'எக்ஸ்போர்ட்-பேக்கேஜ்' என்று நான் வெளியே கொடுப்பதையும் பதிப்பு எண்ணோடு எழுதியிருக்க வேண்டும். பேக்கேஜ் என்றால் கிளாஸ்களின் தொகுப்பு. ஜாவாவின் சொந்தப் பேக்கேஜ்களைத் தவிர மற்ற எதையும் எழுதாமல் வெளியிலிருந்து வாங்க முடியாது. எழுதியிருப்பதைக் கொடுக்க ஆள் இல்லையென்றால் பண்டில் 'ரிசால்வ்டு', அதாவது தேவை எல்லாம் கிடைத்த நிலைக்கே வராது. 'இன்ஸ்டால்டு' என்ற இடத்திலேயே நிற்கும்.

வெப் அப்ளிகேஷனுக்கு இதில் எங்கே இடம்? 2010-ல் வந்த ஓஎஸ்ஜிஐ 4.2 என்டர்பிரைஸ் விதிமுறையில் அதற்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. மேனிஃபெஸ்டில் 'வெப்-கான்டெக்ஸ்ட்பாத்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அந்தப் பண்டில் வெப் அப்ளிகேஷன் பண்டில் ஆகிவிடும், சுருக்கமாக வாப். சர்வரில் 'வெப் எக்ஸ்டெண்டர்' என்று ஒன்று காத்திருக்கும். அந்த வரி உள்ள பண்டில் ஸ்டார்ட் ஆனதும் அதைத் தூக்கி, பிரவுசர் கோரிக்கைகளைக் கவனிக்கும் சர்வ்லெட் கன்டெய்னரில் ஏற்றும், ஸ்டாப் ஆனதும் இறக்கும். ஒரே பாத்தில் இரண்டு வாப் வந்தால் இரண்டாவதை ஏற்றாமல் நிறுத்தி வைத்து, முதலாவது போனதும் ஏற்றும். பழைய பதிப்பை இறக்கிப் புதியதை ஏற்றும் வேலைக்கு இது நல்ல சௌகரியம். கையில் இருக்கும் பழைய வாரை அப்படியே போட்டாலும் 'வெப்பண்டில்' என்ற முன்னொட்டோடு முகவரி கொடுத்தால், போகிற போக்கில் மேனிஃபெஸ்ட் எழுதிச் சேர்த்துவிடும்.

நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். அப்படியே முழு வாரையும் போட்டு ஓட்டினோம், ஓடியது. ஆனால் அதனால் எந்தப் பிரயோஜனமும் கிடையாது. ஒண்டுக்குடித்தனத்தை அப்படியே பெயர்த்து வேறு தெருவில் வைத்த கதைதான். லிப் ஃபோல்டரைப் பிரித்தபோதுதான் வேலை ஆரம்பித்தது.

பிரித்தபோது முதலில் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். பில் நம்பர் அச்சடிக்கும் இடத்தில், நம்பரின் இடது பக்கம் சைபர் சேர்க்க 'லெஃப்ட்பேட்' என்று ஒரு ஃபங்ஷன். காமன்ஸ் லாங் 2-ஆம் வரிசை நூலகத்தில் உள்ளது. அந்த நூலகத்தை மில் சாஃப்ட்வேருக்காக யாரும் கேட்டு வாங்கவில்லை. மெயில் டெம்ப்ளேட்டுக்காக வெலாசிட்டி 1.7 சேர்த்திருந்தார்கள், அது தன் தேவைக்காக காமன்ஸ் லாங்கைக் கூட்டிவந்திருந்தது. பில் போடும் கோடு அதில் சத்தமில்லாமல் தொற்றிக்கொண்டிருந்தது. மெயில் வேண்டாம் என்று யாராவது வெலாசிட்டியை எடுத்திருந்தால் கம்பைல் ஆகும்போது தெரிய வாய்ப்பு உண்டு, சரி. பழைய ஜாரை வைத்துக்கொண்டு லிப்பில் மட்டும் கை வைத்திருந்தால்? முதல் பில் அச்சாகும் நேரத்தில், லாரிக்காரர் கேட்டில் ஹாரன் அடிக்கும் நேரத்தில், 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்' வந்திருக்கும். கராஃபில் பில் பண்டிலைத் தனியாகப் போட்டதும் திரையில் வந்தது இது: 'அன்ரிசால்வ்டு ரிக்வயர்மெண்ட்', பேக்கேஜ் பெயர், பதிப்பு 2.4-லிருந்து 3.0-க்குக் கீழே. அவ்வளவுதான். ஆள் இல்லை, அதனால் நான் கிளம்பமாட்டேன் என்கிறது. கேட்டில் லாரி இல்லாத நேரத்தில்.

இந்த மேனிஃபெஸ்டை யாரும் கையால் எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. பிஎன்டி என்ற கருவி, பீட்டர் கிரீன்ஸ் எழுதியது, கம்பைல் ஆன கிளாஸ்களைத் திறந்து பார்த்து எது எதைக் கூப்பிடுகிறது என்று தானே பட்டியல் போடும். கோடைக் கட்டும் மேவன் கருவியில் பிளக்-இன்னாகச் சேர்த்துவிட்டால் போதும். எனக்கு இந்தப் பட்டியல் பிடித்துப்போய்விட்டது. மாடுலர் சர்வர் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 'சர்வரை நிறுத்தாமல் மாற்றலாம்' என்பதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது இரண்டாம்பட்சம். ஒரு பண்டிலில் கை வைத்தால் வேறு எதெல்லாம் ஆடும் என்பது கை வைப்பதற்கு முன்னாலேயே தெரிகிறதே, அதற்குத்தான் இந்தப் பாடெல்லாம் படலாம்.

பாடு என்று சும்மா சொல்லவில்லை. உலகத்து ஜாவா நூலகங்களில் பெரும்பாலானவை ஒண்டுக்குடித்தனத்தை நம்பி எழுதப்பட்டவை. டேட்டாபேஸ் தகவலை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றித்தரும் ஹைபர்நேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். லேசி லோடிங்குக்காக, அதாவது கேட்கும்போது மட்டும் தகவலை எடுப்பதற்காக, அது ஓடும்போதே உங்கள் எண்டிட்டி கிளாஸுக்கு (டேட்டாபேஸ் டேபிளைக் குறிக்கும் கிளாஸ்) ஒரு பினாமி கிளாஸ் செய்யும். அந்தப் பினாமி உங்கள் எண்டிட்டி பண்டிலின் கிளாஸ் லோடருக்குள்தான் பிறக்கும். பிறக்கும்போது ஹைபர்நேட்டின் ப்ராக்ஸி பேக்கேஜும், பழைய பதிப்புகளில் ஜாவாசிஸ்டின் ப்ராக்ஸி பேக்கேஜும் அதன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உங்கள் விவசாயி கிளாஸிலோ லோடு கிளாஸிலோ அவற்றைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. அதனால் பிஎன்டி எவ்வளவு துருவிப் பார்த்தாலும் அது பட்டியலில் வராது. அந்த இரண்டு பேக்கேஜையும் நாமாகத்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். இது தெரிந்துவிட்டால் இரண்டு வரி. தெரியாவிட்டால் லாக் ஃபைலை வைத்துக்கொண்டு விடிய விடிய உட்காரலாம்.

டேட்டாபேஸோடு பேசும் ஜேடிபிசி டிரைவர் இன்னொன்று. டிரைவர் மேனேஜர் 'யார் கூப்பிடுகிறார்' என்று கிளாஸ் லோடரைப் பார்த்து முடிவு செய்யும் ஆசாமி. டிரைவர் வேறு பண்டிலில் இருந்தால் 'பொருத்தமான டிரைவர் இல்லை' என்று கையை விரிக்கும். இதற்காகவே ஓஎஸ்ஜிஐ-யில் டேட்டாசோர்ஸ் ஃபேக்டரி என்ற சர்வீஸ் வைத்திருக்கிறார்கள், கராஃபில் பாக்ஸ் ஜேடிபிசி அதைச் செய்துகொடுக்கும். சர்வீஸ் லோடர் என்ற ஜாவாவின் சொந்த வசதிக்கும் இதே தகராறு, அதற்கு ஏரீஸ் திட்டத்தின் எஸ்பிஐ ஃபிளை. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு. சாவிக் கொத்துதான் கனம்.

இந்தக் கனத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் எல்லாரும் போடும் ஒரு வரி உண்டு. 'டைனமிக்இம்போர்ட்-பேக்கேஜ்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். எதை வேண்டுமானாலும், வேண்டும்போது தேடிக்கொள்கிறேன் என்று அர்த்தம். பிரச்சினை எல்லாம் மாயமாகிவிடும். கூடவே பட்டியலும் மாயமாகிவிடும். அந்த வரியைப் போடுவதாக இருந்தால் டாம்கேட்டிலேயே இருந்துவிடுங்கள், நிம்மதி.

வாருக்குப் பழகியவர்கள் தடுமாறும் இன்னொரு இடமும் உண்டு. டாம்கேட்டில் லிப்புக்குள் இருக்கும் ஜாருக்குத்தான் முதல் மரியாதை, சர்வரின் பொது ஜார் அப்புறம். வாப்பில் இது தலைகீழ். ஒரு பேக்கேஜை இம்போர்ட் செய்திருந்தால் வெளியிலிருந்து வருவதுதான் செல்லும், உள்ளே அதே பேக்கேஜின் பிரதி இருந்தாலும் அதை ஏறெடுத்தும் பார்க்காது. 'லிப்பில் புது ஜார் போட்டேன், ஆனால் பழைய மாதிரியே நடக்கிறது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இம்போர்ட் பட்டியலைத்தான்.

சரி, இவ்வளவு பட்டதற்கு என்ன கிடைத்தது?

இ-வே பில்லை எடுத்துக்கொள்கிறேன். ஜவ்வரிசிக்கு நம்மூரில் இருப்பதைவிட வடக்கே கிராக்கி அதிகம். விரத நாட்களில் சாபுதானா கிச்சடி இல்லாமல் மகாராஷ்டிரத்துக்காரர்களுக்கு ஆகாது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு மாநிலம் தாண்டினால் 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் கட்டாயம். அந்த பில்லுக்கு ஆயுள் உண்டு. ஆரம்பத்தில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 2021 ஜனவரி 1 முதல் அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று மாறியது. பில்லில் 1,050 கிலோமீட்டர் என்று இருந்தால் பழைய கணக்கில் 11 நாள், புதுக் கணக்கில் 6 நாள். அரசுத் தளம்தான் ஆயுளைக் கணக்கிட்டுக் கொடுக்கிறது என்றாலும், லாரி எப்போது கிளம்ப வேண்டும், எந்த பில் நாளைக்குக் காலாவதி என்று மில்லின் திரையில் மஞ்சளும் சிவப்புமாகக் காட்டுவது எங்கள் வேலை.

மாற வேண்டியது ஒரே ஒரு எண். பழைய ஏற்பாட்டில் அந்த ஒரு எண்ணுக்காக முழு வாரையும் புதிதாகக் கட்டி, எல்லா மில்லிலும் டாம்கேட்டை நிறுத்தி ஏற்ற வேண்டும். அதற்குள் கூடவே, பாதி முடிந்த வேறு வேலைகளும் அந்த வாரில் ஏறிவிடும், அதுதான் உண்மையான பயம். புது ஏற்பாட்டில் இ-வே என்பது இரண்டு பண்டில். ஒன்றில் இன்டர்ஃபேஸ் மட்டும்: தூரம் கொடு, கடைசி நாள் சொல்கிறேன். இன்னொன்றில் கணக்கு. வெப் திரை இன்டர்ஃபேஸைத்தான் இம்போர்ட் செய்கிறது, கணக்குப் பண்டிலை அது கண்ணால் பார்த்ததே இல்லை. கணக்குப் பண்டில் தன்னை ஒரு சர்வீஸாகப் பதிவு செய்துகொள்ளும், திரை அந்த சர்வீஸைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆகவே கணக்குப் பண்டிலை மட்டும் 'அப்டேட்' செய்தால் திரை கீழே இறங்காது.

இந்த இரண்டாகப் பிரிக்கும் வேலையைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே பண்டிலில் வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்டேட் செய்ததும் புது கிளாஸ்கள் வந்துவிட்டன என்று நினைப்பீர்கள். ஆனால் அந்தப் பண்டிலிலிருந்து பேக்கேஜ் வாங்கிய மற்றவை பழைய கிளாஸ் லோடரையே பிடித்துக்கொண்டு நிற்கும். 'ரிஃப்ரெஷ்' கொடுத்தால்தான் பிடியை விடும். கொடுத்தால், வாங்கியவை எல்லாம் சங்கிலியாக நின்று திரும்பக் கிளம்பும். அந்தச் சங்கிலியில் வெப் திரையும் இருந்தால், 'நிறுத்தாமல் மாற்றினோம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

திரை இறங்காது என்றேன், ஆனால் சர்வீஸ் இல்லாத அந்த ஓரிரு விநாடியில் யாராவது பட்டனை அழுத்தினால்? பண்டில்களையும் சர்வீஸ்களையும் இணைக்க நாங்கள் பயன்படுத்தும் புளூபிரிண்ட் என்ற முறையில் சர்வீஸுக்கு முன்னால் ஒரு ப்ராக்ஸி நிற்கும். சர்வீஸ் போய்விட்டால் அழைப்பை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, புது சர்வீஸ் வந்ததும் அதனிடம் கொடுக்கும். பயனருக்குத் திரை கொஞ்சம் இழுத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது அந்தக் காத்திருப்பின் எல்லை. எதுவும் சொல்லாவிட்டால் 5 நிமிஷம். புதுப் பண்டில் ஏதோ காரணத்தால் கிளம்பவில்லை என்றால், பட்டனை அழுத்தியவர் 5 நிமிஷம் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் இன்னும் நாலு தடவை அழுத்துவார், அதுவும் காத்திருக்கும், கோரிக்கைகளைக் கவனிக்கும் த்ரெட்டுகள் தீரும். டைம்அவுட்டைச் சில விநாடிக்குக் குறைத்து வையுங்கள்.

பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் வந்தபோது இதே ஏற்பாடு இன்னும் அழகாக உட்கார்ந்தது. அந்தச் சட்டம் எல்லார் மேலும் ஒரே நாளில் விழவில்லை. 2020 அக்டோபர் 1-ல் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள், 2021-ல் 100 கோடி, பிறகு 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அதே அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று படிப்படியாக இறங்கி வந்தது. எங்கள் மில்கள் இந்தப் படிகளில் ஆளுக்கொரு படியில். எல்லாருக்கும் ஒரே சாஃப்ட்வேர், ஆனால் இ-இன்வாய்ஸ் பண்டில் யாருக்குத் தேவையோ அங்கே மட்டும். திரையில் அந்த சர்வீஸ் இருந்தால் பட்டன் தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. கோடில் மில் பெயரைப் பார்க்கும் இஃப் ஒன்றுகூடக் கிடையாது. லீ பஜார் பக்கம் ஒரு வியாபாரி, தன் எல்லை வந்த அன்றைக்குக் காலையில் பட்டன் முளைத்திருப்பதைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தார். "என்ன தம்பி, ராத்திரியே வந்து மாத்திப் போட்டுட்டீங்களா?" என்றார். "வரலைங்கண்ணா, இங்கிருந்தே ஒண்ண சேர்த்து வுட்டேன்" என்றேன். அவருக்கு அதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. இ-இன்வாய்ஸுக்கு அரசுத் தளம் தரும் ஐஆர்என் நம்பர் வரவில்லை என்பதுதான் அவர் புகார். அது போர்ட்டலில் எங்கள் சாஃப்ட்வேர் உள்ளே போவதற்கான ஏபிஐ யூசரை அவர் இன்னும் உருவாக்காததால்.

ஏற்காட்டுக் கதை வேறு. அங்கே எஸ்டேட் ஆபீஸில் ஒரு சின்ன மெஷின், அதில் கராஃப். மேகம் இறங்கினாலும் சரி, மழையில் சில்வர் ஓக் கிளை ஒயர் மேல் விழுந்தாலும் சரி, லைன் போய்விடும். கிளவுடில் வைத்து ஓட்டலாமே என்று கேட்பவர்கள் ஒரு அக்டோபர் மாதம் அங்கே வந்து இருந்து பார்க்கலாம். பழைய வார் எழுபது எண்பது எம்பி வரும், பெரும்பகுதி ரிப்போர்ட் நூலகமும் ஃபான்ட்டும். அதை அந்த லைனில் அனுப்புவதற்குப் பதில் பென் டிரைவில் போட்டுக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவது சீக்கிரம் முடியும். கூலிக் கணக்குப் பண்டில் சில பத்து கேபி. லைன் இருக்கிற நேரத்தில் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

பழ சீசனில் ஒருநாள் சாயங்காலம் கிலோவுக்கான கூலி விகிதத்தில் ஒரு மாற்றம் ஏற்ற வேண்டியிருந்தது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டருக்கு முதலில் சொன்னேன்.

"இப்ப நிறுத்திப் போடாதீங்க தம்பி. பழம் எடை போட்டுட்டிருக்கோம், ஆளுங்க மூட்டையோட வரிசைல நிக்கறாங்க."

"நிறுத்தலைங்கண்ணா. கூலி மட்டுந்தான் மாத்தறேன். எடை பாட்டுக்கு ஓடும்."

"ரெண்டும் ஒரே பொட்டிலதானே இருக்குது?"

பொட்டி ஒன்றுதான். அப்டேட் போனபோது ஃபோனைக் கீழே வைக்காமல் எடை எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே இருந்தார், நான் இந்தப் பக்கம் பண்டில் பட்டியலில் 'ஆக்டிவ்' என்று மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடை நிற்கவில்லை. "சரி, வச்சுடறேன், குளிருது" என்று வைத்துவிட்டார்.

இதில் மறைந்திருக்கும் ஒரு ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். பண்டிலை அப்டேட் செய்தால் பழைய கிளாஸ் லோடர் குப்பைக்குப் போக வேண்டும். யாராவது அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் போகாது. முக்கியமான குற்றவாளி ஹெச்டிடிபி செஷன், திரையில் வேலை செய்பவரின் விவரத்தை சர்வர் நினைவில் வைத்திருக்கும் இடம். கூலிக் கணக்கின் ஆப்ஜெக்டை செஷனில் வைத்திருந்தால், அப்டேட்டுக்குப் பிறகு அதே பெயருள்ள கிளாஸுக்கு அதையே மாற்ற முடியாது என்று 'கிளாஸ் காஸ்ட்' வரும். படித்தால் பைத்தியம் பிடிக்கும், ஏனென்றால் இரண்டு பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. லோடர்தான் வேறு. த்ரெட் லோக்கலும் இப்படியே. ஜாவா 8-க்கு முன்னால், கிளாஸ்களுக்கான மெமரிப் பகுதியான பெர்ம்ஜென் நிரம்பிச் சத்தம் போட்டு விழும். 2014-க்குப் பிறகு அதற்குப் பதில் மெட்டாஸ்பேஸ், எல்லை வைக்காவிட்டால் சத்தமே இல்லாமல் மெஷினின் மெமரியைத் தின்னும். எஸ்டேட்டில் இருக்கும் மாதிரி 4 ஜிபி மெஷினில் இது விளையாட்டில்லை. எங்கள் ஆபீஸில் சட்டம் ஒன்று: செஷனில் எழுத்தும் எண்ணும் தவிர எதுவும் வைக்கக் கூடாது. மெட்டாஸ்பேஸுக்கு உச்சவரம்பு. அதற்கும் மேல், விடியற்காலை ஆளில்லாத நேரத்தில் சர்வரே தானாக ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும். மாடுலர் சர்வரை ரீஸ்டார்ட் செய்வது மானக்கேடு என்று நினைக்கும் நண்பர்கள் உண்டு. மானத்துக்காக மெமரியை விட முடியாது.

2021 டிசம்பரில், லாக் எழுதும் நூலகமான லாக்4ஜேயின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த வாரம் யாருக்கும் மறந்திருக்காது. தெரிந்த ஆபீஸ்களில் எல்லாம் ஒவ்வொரு வாரையும் திறந்து லிப்பில் லாக்4ஜே கோர் இருக்கிறதா, எந்தப் பதிப்பு என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கராஃபில் லாகிங் முழுவதும் பாக்ஸ் லாகிங் வழியாகத்தான், லாக்4ஜே அந்த ஒரு பண்டிலுக்குள். எங்கள் பண்டில்கள் எதுவும் சொந்தமாக ஒரு பிரதி வைத்திருக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி இம்போர்ட் பட்டியலிலேயே இருந்தது. தேடல் என்று ஒன்று தேவைப்படவே இல்லை, மாற்றுவது மட்டும்தான்.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் ஊரே இதில் இல்லை? ஆசைப்பட்டார்கள். 2008-ல் ஸ்பிரிங் கம்பெனி டிஎம் சர்வர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஓஎஸ்ஜிஐ மேல் டாம்கேட்டை வைத்து, ஸ்பிரிங் அப்ளிகேஷனைப் பண்டில்களாக ஓட்டும் சர்வர். நல்ல யோசனைகள் இருந்தன. பல பண்டில்களை ஒரு அப்ளிகேஷனாகக் கட்டும் 'பார்' ஃபைல், சர்வரின் உள் உறுப்பையும் பயனர் பண்டிலையும் தனித்தனி வட்டாரமாகப் பிரித்தது எல்லாம் அங்கேதான். 2010-ல் அதை எக்லிப்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள், விர்கோ என்று பெயர் மாறியது. ஆனால் வெளி நூலகங்களை எல்லாம் பண்டிலாக மாற்றி அடுக்கி வைக்கும் வேலை யாராலும் தொடர்ந்து செய்யக்கூடியதாக இல்லை. ஸ்பிரிங்கே பிற்பாடு தன் ஜார்களில் ஓஎஸ்ஜிஐ மேனிஃபெஸ்ட் போடுவதை விட்டுவிட்டது. 2014-ல் ஸ்பிரிங் பூட் 1.0. எல்லாவற்றையும் ஒரே கொழுத்த ஜாரில் கட்டி ஓட்டு என்றது. அப்ளிகேஷனைப் பெட்டியில் அடைத்து ஓட்டும் டாக்கரும் கூடச் சேர்ந்ததும் சனம் அந்தப் பக்கம் போய்விட்டது.

போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே டீம், ஒரே கஸ்டமர், எல்லாப் பகுதியும் ஒன்றாகவே வெளியாகிறது என்றால் பண்டில் பிரிப்பது வெட்டி வேலை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு சமீபத்தில் சாஃப்ட்வேர் செய்துகொடுத்தோம். பட்டறைக்குக் கொடுத்த வெள்ளி எவ்வளவு, திரும்பி வந்த கொலுசு எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, முடிந்தது. ஸ்பிரிங் பூட்டில் ஒரே ஜார். அங்கே கராஃபைக் கொண்டுபோய் வைத்தால் எனக்குத்தான் கிறுக்கு.

மாடுலர் என்ற பெயரில் இன்னொரு வகையும் இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். 2009-ல் வந்த கிளாஸ்ஃபிஷ் 3 உள்ளுக்குள் ஓஎஸ்ஜிஐ. ஐபிஎம்மின் லிபர்ட்டியும் அப்படியே, வேண்டிய ஃபீச்சரை மட்டும் எழுதினால் அதை மட்டும் ஏற்றும். வைல்ட்ஃபிளை தன் சொந்த ஜேபாஸ் மாட்யூல்ஸ் முறையில். இவற்றில் எல்லாம் சர்வர் மாடுலர், உங்கள் அப்ளிகேஷன் பழைய வாராகவே உட்கார்ந்திருக்கலாம். பலருக்கு அதுவே போதும். 2017-ல் ஜாவா 9 கொண்டுவந்த மாட்யூல் முறைக்கும் இதற்கும் முறை தூரம். அதில் பதிப்பு எண் வைத்துத் தேர்ந்தெடுப்பதோ, ஓடும்போது ஒன்றைக் கழற்றி மாட்டுவதோ நோக்கமே இல்லை. ஓஎஸ்ஜிஐ இன்றைக்கும் நிலைத்திருக்கும் இடங்களைப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரியும்: ஜிரா, லைஃப்ரே, அடோபியின் ஏஇஎம், ஓப்பன்ஹேப். எல்லாமே மற்றவர்கள் பிளக்-இன் எழுதி மாட்டும் சாமான்கள். எங்கள் மில்லுக்கு பிளக்-இன் எழுதுவது ஜிஎஸ்டி கவுன்சில்.

இப்போது கையில் இருப்பது ஜகார்த்தா மாற்றம். ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட் என்று இருந்த பேக்கேஜ் எல்லாம் ஜகார்த்தா.சர்வ்லெட் ஆகிவிட்டது. இரண்டு பெயரும் ஒரே சர்வரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் பிரவுசரிடமிருந்து கோரிக்கையை வாங்கும் வெப் கன்டெய்னர் ஒன்றுதான், அது எந்தப் பெயரைப் பேசுகிறதோ எல்லாத் திரையும் அதையே பேச வேண்டும். மேனிஃபெஸ்டுகளில் பழைய பெயரைத் தேடினோம். எடைமேடைத் திரை, பில் திரை, ஏலத் திரை, ரிப்போர்ட் இறக்கும் ஒரு சர்வ்லெட். பாயிண்ட் கணக்கு, கூலி, இ-வே, இ-இன்வாய்ஸ் எதிலும் அந்த வரி இல்லை, அவற்றைத் தொட வேண்டியதில்லை. ரிப்போர்ட் நூலகம் மட்டும் உள்ளே எங்கோ பழைய பெயரை வைத்திருக்கிறது, அதற்கு மாற்றுப் பதிப்பு பார்த்துக்கொண்டிருக்கிறோம். கிழங்கு வரத்து குறையும் மாதங்களில் ஒரு மில்லில் முதலில் ஏற்றுவதாகப் பேச்சு. அந்த மில் அக்கவுண்டன்ட் சம்மதித்துவிட்டார், பதிலுக்கு பில் வாட்ஸ்அப்பில் போக வேண்டும் என்கிறார். அது தனி பண்டில்.